பலகையா, வீடியோவா, கூட்டிப்போவதா? குகைக்குப் புதிதாக வருபவரிடம் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் வழிகள்

தாய்லாந்தில் உள்ள தாம் லுவாங் குகையின் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஜூலை முதல் நவம்பர் வரை உள்ளே வெள்ளம் வரும், ஆபத்து என்று அதில் எழுதியிருந்தது. 2018-இல் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துத் துணைப் பயிற்சியாளரும் உள்ளே போன தேதி ஜூன் 23. எழுத்துப்படி பார்த்தால் அவர்கள் பலகையை மீறவே இல்லை. மழைதான் மீறியது. ஜூலை 2-ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்து, 10-ஆம் தேதிக்குள் அத்தனை பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். இடையில், காற்று உருளைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இறந்துபோனார்.

பலகை வைத்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. குகையை அறியாத ஒருவரிடம் "பத்திரம், எதையும் கெடுத்துவிடாதே" என்று சொல்ல நினைக்கும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிடுகிறது. கேட்க வேண்டிய நேரத்தில் அது அங்கே இருப்பதில்லை.

ஒரு சிறிய குகைக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. மிஞ்சுவது விடுமுறை நாட்கள் மட்டும். அந்த நேரத்தை எதில் செலவிடலாம்? குகை பற்றி வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம். வாசலில் பலகையோ கதவோ வைக்கலாம். வீடியோ போடலாம். பள்ளி, கல்லூரிகளில் பேசலாம். சுற்றுலாக் குகைகளில் வழிகாட்டிகளோடு சேர்ந்து வேலை செய்யலாம். புதியவர்களைத் தாங்களே உள்ளே கூட்டிப்போகலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வோம் என்றுதான் கூட்டங்களில் வழக்கமாக முடிவாகும். நான் அந்த முடிவுக்கு எதிரி. ஆறு வழிகளையும் ஒரே கேள்வியால் சலித்துப் பார்க்கலாம்: சொல்லும் இடத்துக்கும் செய்யும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதை வேண்டுமென்றே உடைத்து எடுத்துப்போகிறவனுக்கும் சுவரில் பெயர் எழுதுகிறவனுக்கும் விழிப்புணர்வு மருந்தல்ல. அவர்களுக்குச் சட்டமும் பூட்டும்தான். நாம் பேசுவது மற்ற எல்லோரையும் பற்றி. அவர்கள் செய்யும் சேதம் பெரும்பாலும், அது சேதம் என்றே தெரியாமல் நடப்பது. பல குகைகளில் கல்விழுது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வளர்வதில்லை. அதை ஒருவர் ஆசையாகத் தடவினால் தோலின் எண்ணெய்ப் பசை அதன்மேல் படிகிறது. சுண்ணாம்பு கரைந்த நீர் அந்த இடத்தில் முன்போல் ஒட்டிப் படிய முடியாமல் போகிறது. தடவியவர் எதையும் உடைக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை, மனசாட்சி சுத்தமாக வீட்டுக்குப் போகிறார். இவரிடம்தான் பேச வேண்டும்.

பேசாமல் இருப்பது

இதை ஒரு வழியாகவே சிலர் எண்ணுவதில்லை. ஆனால் உலகின் பல குகைகளைக் காப்பாற்றியது இதுதான். 1974-இல் அரிசோனாவில் கேரி டெனன், ராண்டி டஃப்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு குகையைக் கண்டுபிடித்தார்கள். நிலத்தின் சொந்தக்காரர்களிடமே 1978-இல்தான் சொன்னார்கள். வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1988-இல். இன்று அது கார்ட்ச்னர் குகை. காற்றுப்புகாத இரட்டைக் கதவுகள் எல்லாம் அமைத்து 1999-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அந்தப் பதினான்கு ஆண்டு மௌனம் இல்லாவிட்டால் கதவு போடுவதற்கு உள்ளே என்ன மிஞ்சியிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதுதான். அமெரிக்காவில் 1988-இல் வந்த குகை வளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு நிலங்களில் உள்ள முக்கியமான குகைகளின் இருப்பிடத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ள அரசுக்கே இடம் தருகிறது.

மௌனம் நன்றாக வேலைசெய்யும், வாசல் யாருக்கும் தெரியாதவரை. ஒரு படத்தோடு ஜிபிஎஸ் புள்ளியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் மௌனத்துக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகும் அனுபவசாலிகள் வாயை மூடிக்கொண்டிருந்தால், வருகிறவருக்கு வழி தெரியும், வேறு எதுவும் தெரியாது என்ற நிலைதான் மிஞ்சும். இதைவிட மோசமான கலவை இல்லை.

பழைய ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. "புதியவர்கள் வராமல் இருப்பதே குகைக்கு நல்லது" என்பார்கள். குகையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் மௌனமாக இருப்பதால் ஒருவரும் வராமல் இருக்கப்போவதில்லை. கேட்க ஆளில்லாமல் வருவார்கள், அவ்வளவுதான். இருப்பிடத்தைப் பற்றி மௌனம், நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேச்சு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பழைய ஆட்களுக்கும் வருத்தமிராது.

பலகையும் கதவும்

பலகையின் பெரிய பலம், அது இருக்கும் இடம். மற்ற வழிகள் எல்லாம் வீட்டிலோ வகுப்பிலோ பேசும்போது இது வாசலிலேயே நின்று பேசுகிறது. புளோரிடாவின் நீரடிக் குகைகளில் வைத்திருக்கும் பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையில் அரிவாளோடு நிற்கும் மரண உருவம். கீழே, இதற்குமேல் போகாதே, இதுபோன்ற குகைகளில் முக்குளிப்புப் பயிற்சியாளர்கள்கூட இறந்திருக்கிறார்கள் என்ற செய்தி. அதை வைத்திருப்பது கரையில் அல்ல, வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்கும் இடத்துக்கு அருகில், தண்ணீருக்குள். திரும்பலாமா, போகலாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் அதே புள்ளி. அந்தப் பலகைக்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. ஷெக் எக்ஸ்லி என்ற குகை முக்குளிப்பாளர் 1979-இலேயே விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, எந்தெந்தத் தவறு ஆளைக் கொல்கிறது என்று காட்டினார்: வெளியே வரை நீளும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பிவருவதற்கென்று ஒதுக்கிவைக்காதது போன்றவை. "ஆபத்து" என்ற ஒற்றைச் சொல்லைவிட, எதனால் ஆபத்து என்பது எப்போதும் கூடுதலாக வேலைசெய்கிறது.

உலர்ந்த குகைகளின் வாசலில் நான் பார்க்கும் பலகைகள் பலவும் இதற்கு நேர் எதிர். பத்து விதிகள், சிறிய எழுத்து, பாதி பாசி. "குகையைப் பாதுகாப்போம்" என்பது முதல் வரி. அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் கையை எங்கே வைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

கதவு வேறு சங்கதி. அது அறிவுரை சொல்வதில்லை, தடுக்கிறது. வௌவால் வாழும் குகைக்கு எப்படிப்பட்ட கதவு வேண்டும் என்பதற்கே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது: கிடைமட்டக் கம்பிகள், நடுவில் சுமார் 14.6 சென்டிமீட்டர் இடைவெளி. வௌவால் பறந்து போகும், ஆள் போக முடியாது. கதவோடு அனுமதிச் சீட்டும் சேர்ந்தால், சாவி வாங்க வருகிறவரிடம் இரண்டு நிமிடம் பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தைப் பலர் வீணடிக்கிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அனுமதி முறையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு யூட்டா மாநிலத்தின் நட்டி புட்டி குகை சாட்சி. ஒரே குறுகலான இடத்தில் அடுத்தடுத்து ஆட்கள் மாட்டிக்கொண்டதால் 2006-இல் அதை மூடினார்கள். முன்பதிவு, நிபந்தனை எல்லாம் வைத்து 2009-இல் மீண்டும் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 26 வயது இளைஞர் ஒருவர், வேறொரு வழி என்று நினைத்து வரைபடத்தில் இல்லாத ஒரு பொந்துக்குள் தலைகீழாக இறங்கிச் சிக்கிக்கொண்டார். ஒரு நாளுக்குமேல் போராடியும் மீட்க முடியாமல் அங்கேயே இறந்தார். உடலை எடுக்க முடியாததால் குகையின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டார்கள். வாசலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தவறு நடந்தது உள்ளே, ஒரு சந்திப்பில், "இதுதானே அது?" என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட இடத்தில்.

அதனால்தான் வாசல் பலகையைவிட எனக்குப் பிடித்தது உள்ளே கிடக்கும் நாடா. நியூ மெக்சிகோவின் லெச்சுகியா போன்ற குகைகளில், நடக்க வேண்டிய பாதையின் இரு புறமும் பளிச்சென்ற நிற நாடாவைத் தரையோடு தரையாக ஓட்டியிருப்பார்கள். எல்லோருடைய கால்களும் அந்த ஒற்றைத் தடத்திலேயே விழும். நாடாவுக்கு அப்பால் உள்ள படிகத் தரையில் ஒரு மிதியடித் தடம்கூட இருக்காது. புதியவர் நாடாவைப் பார்த்த கணத்தில், அப்பால் இருப்பது மிதிக்கக் கூடாதது என்று புரிந்துகொள்கிறார். மொழி தெரிய வேண்டாம், நின்று படிக்க வேண்டாம். கணுக்கால் உயரத்தில் பேசும் பலகை அது. ஒரு குழுவிடம் ஒரு விடுமுறை நாளும் சில சுருள் நாடாவும் மட்டும் இருந்தால், கல்லூரிக் கருத்தரங்கை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்வேன்.

வீடியோ

எட்டும் தூரத்தில் வீடியோவோடு எதுவும் போட்டிபோட முடியாது. புதியவர் முதலில் தேடுவதும் அங்கேதான். ஆகவே அங்கே இல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அது எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வகைதான் அதிகம் ஓடுகிறது. ஒன்று அழகு: ஹெல்மெட் இல்லாமல், கல்விழுதுகளுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நிற்கும் ஆள். இன்னொன்று பயம்: மாட்டிக்கொண்டவரின் கடைசி மணி நேரங்கள், பின்னணி இசையோடு. முதலாவது தவறான பழக்கத்தைக் கற்றுத்தருகிறது என்பது தெரிந்ததே. இரண்டாவது எச்சரிக்கை என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. 1925-இல் கென்டக்கியில் ஃபிளாய்ட் காலின்ஸ் என்ற குகை ஆய்வாளர், காலில் பாறை விழுந்து 'சாண்ட் கேவ்' என்ற குகைக்குள் மாட்டிக்கொண்டபோது வாசலில் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பக்கத்திலேயே கடை போட்டு வியாபாரமும் நடந்தது. உள்ளே இருந்தவர் பிழைக்கவில்லை. பயக்கதை கூட்டத்தைக் கூட்டும், அது உறுதி. கூடியவர் கவனமாக நடக்கக் கற்றுக்கொள்வார் என்பது உறுதியில்லை. "நான் அவ்வளவு குறுகலான இடத்துக்குப் போக மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு, விளக்கு ஒன்றே ஒன்றோடு அகலமான குகைக்குள் போவார்.

வீடியோ உண்மையிலேயே சிறந்து விளங்கும் ஓர் இடம் இருக்கிறது: வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள். போன் அங்கேதான் இருக்கிறது, தூரமே இல்லை. வெண்மூக்கு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குகையில் எடுத்த படத்தில்தான் அது வட அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவானது. குளிர்ந்த குகைகளில் வளரும் ஒரு பூஞ்சை. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலின் மூக்கிலும் சிறகிலும் வெள்ளையாகப் படியும். உறக்கம் திரும்பத் திரும்பக் கலைவதால், வசந்தம் வரை தாக்குப்பிடிக்கச் சேர்த்துவைத்த கொழுப்பு முன்கூட்டியே தீர்ந்து வௌவால் சாகும். இப்படிச் செத்தவை பல லட்சம். 2016-இல் நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்திலும் நோய் தலைகாட்டியது. பெரும்பாலும் வௌவாலிடமிருந்து வௌவாலுக்குத்தான் பரவுகிறது. ஆனாலும் நம் உடையிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடும். தடுக்கும் முறை எளிது: மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் 20 நிமிடம் மூழ்கவைப்பது. நீரின் சூடு நடுவில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி, எந்தக் கருவியை இப்படிச் சூடுபடுத்தக் கூடாது என்பதை மூன்று நிமிட வீடியோவில் அருமையாகக் காட்டலாம். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

பையில் விளக்குகளை எப்படி வைப்பது, பருத்தி உடை நனைந்தால் உடலின் சூட்டை எப்படி உறிஞ்சும், வெளியில் இருக்கும் ஒருவரிடம் என்னென்ன விவரம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது, இவையும் அப்படித்தான். குகை எங்கே என்பது மட்டும் படத்தில் வரக் கூடாது. வாசலுக்கு வெளியே தெரியும் மலை, சாலை, பெயர்ப்பலகை எல்லாம் வழி காட்டிவிடும். ஒளிப்பதிவுக் கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிட வேண்டும்.

பள்ளி, கல்லூரிப் பேச்சு பற்றி ஒரு பத்தி போதும். கேட்பவர்களில் பெரும்பாலோர் குகைக்குள் காலே வைக்கப்போவதில்லை. போகிறவர் போகும்போது பேச்சு மறந்திருக்கும். ஆனால் குகையின் மேலே குடியிருப்பவர்களிடம் பேசுவது வேறு. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் உள்வாங்கிய பள்ளத்தில் குப்பை கொட்டினால், மண் வடிகட்டுவதற்கு முன்பே அது நிலத்தடி ஓடைக்குப் போய் ஊற்றில் வந்துவிடும். அவர்கள் முடிவெடுக்கும் இடம் குகையல்ல, அவர்களுடைய கொல்லைப்புறம். அங்கே போய்ப் பேசினால் தூரம் குறைகிறது.

சுற்றுலாக் குகை

பாதை, கைப்பிடி, மின்விளக்கு எல்லாம் உள்ள குகைகளை அனுபவசாலிகள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. இளக்காரம் வேண்டியதில்லை. ஆசைப்பட்டவர்களில் பெரும்பாலோரை அங்கேயே திருப்தியாக்கி அனுப்பிவிடுகிறது என்பதே அது மற்ற குகைகளுக்குச் செய்யும் பெரிய உதவி.

பாதுகாப்பு உணர்வை வளர்க்கவும் நல்ல இடம்தான். 2024-இல் அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையில் யாரோ ஒருவர் சோள நொறுக்குத்தீனிப் பை ஒன்றைப் பாதையோரம் போட்டுவிட்டுப் போனார். குகையின் ஈரத்தில் அது நமத்துப்போய், நுண்ணுயிரும் பூஞ்சையும் அதில் குடியேறின. குகைப் பூச்சிகள், சிலந்திகள், ஈக்கள் அதைத் தேடி வந்து, அந்தச் சத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டுபோயின. பூசணம் பக்கத்துப் பாறைகளுக்கும் ஏறியது. காவலர்கள் 20 நிமிடம் உட்கார்ந்து சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதே குகையில், பார்வையாளர்களின் உடையிலிருந்து உதிரும் நூல் துகளைப் பொறுக்குவதற்கென்றே தன்னார்வலர்கள் முகாம் போடுகிறார்கள். கென்டக்கியின் மாமத் குகையில் சுற்றிப்பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோரும் கிருமிநீக்கி ஊறிய பாய் மேல் நடந்துதான் போக வேண்டும். "ஏன் இந்தப் பாய்?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். கேட்கவைக்கும் பாய், பத்து விளக்கப் பலகைக்குச் சமம்.

பிரான்ஸில் உள்ள லாஸ்கோ குகையின் கதை இந்த வழியின் எல்லையையும் காட்டுகிறது. 1940-இல் கண்டுபிடித்து 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்த அந்த ஓவியக் குகையை, மனித மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும் விளக்கொளியில் வளர்ந்த பாசியும் சேர்ந்து கெடுக்கத் தொடங்கியதால் 1963-இல் மூடிவிட்டார்கள். 1983 முதல் மக்கள் பார்ப்பது நகல். அங்கே யாரும் எதையும் தொடவில்லை, எழுதவில்லை. மூச்சுதான் விட்டார்கள்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் சுற்றுலாக் குகை சரிப்படாது. கைப்பிடியும் விளக்கும் உள்ள இடம்தான் குகை என்ற எண்ணத்தையே அது கொடுக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு, வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கும் அந்த ஒரு நிமிடம். கண் பழகவே பழகாத இருட்டு அது; கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாது. அணைத்த பிறகு பேய்க்கதை சொல்லாமல், "இப்போது உங்கள் போன் விளக்கும் தீர்ந்துவிட்டது, வாசலுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டால் அந்த நிமிடம் வீண்போகாது. குழு செய்ய வேண்டியது வழிகாட்டிகளோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுவதுதான்.

கூட்டிப்போவது

இதில் ஒரு தடவைக்கு மூன்று, நான்கு புதியவர்களுக்குமேல் முடியாது. நல்ல தலைவர் வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போகும், பொறுப்பும் தலைமேல் விழும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஆறு வழிகளில் இதுதான் கடைசி. தூரத்தை வைத்துப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது; சொல்லும் வாயும் செய்யும் கையும் ஒரே குகைக்குள் இருக்கின்றன.

வேறு எந்த வழியாலும் தீர்க்க முடியாத ஒரு முரண்பாட்டை இது தீர்க்கிறது. பாதுகாப்பு சொல்வது: எப்போதும் மூன்று இடங்களில் பிடிப்பு இருக்கட்டும், ஒரு கையையோ காலையோ மட்டும் நகர்த்து. பேணுதல் சொல்வது: எதையும் தொடாதே. இரண்டையும் பலகையில் எழுதினால் புதியவருக்குக் குழப்பம்தான். வழுக்கும் சரிவில் நிற்கும்போது அவர் கை தானாகவே கண்ணுக்கு முதலில் படும் வழுவழுப்பான, தரையிலிருந்து எழும் கல்முளையைத்தான் பற்றும். அந்தக் கணத்தில் பக்கத்தில் நிற்பவர், "அதை விடு, இடது பக்கம் கீழே பார், பழுப்பாக மண் படிந்த கல் இருக்கிறதே, எல்லோரும் அதைத்தான் பிடிப்போம்" என்று சொன்னால் இரண்டு விதியும் ஒன்றாகிவிடும். வளரும் கல்லுக்கும் வெறும் பாறைக்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய விரல் கற்றுக்கொள்கிறது. அடுத்த சரிவில் அவரே கேட்பார்.

விளக்கும் அப்படியே. ஒருவருக்கு மூன்று தனித்தனி விளக்குகள் என்று விதி, முதன்மையானது ஹெல்மெட்டில். வீட்டில் கேட்பவருக்கு இது மிகையாகத் தோன்றும். உள்ளே பாதி வழியில், "முதல் விளக்கு போய்விட்டது என்று வைத்துக்கொள், அணைத்துவிட்டு இரண்டாவதைப் பையிலிருந்து எடுத்து மாட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பை எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த அறையில் விளக்கு, எந்தப் பக்கம் பேட்டரி என்று இருட்டில் தடவும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

வழி கண்டுபிடிப்பதும் உள்ளேதான் புரியும். சந்திப்பு வரும்போதெல்லாம் திரும்பி நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே போகும்போது தெரிந்த குகையும் வெளியே வரும்போது தெரியும் குகையும் ஒன்றல்ல. திரும்பும் வழியில் புதியவரை முன்னால் விட்டு, தலைவர் பின்னால் வரலாம். தவறான பொந்தில் அவர் நுழைய முற்பட்டால் உடனே திருத்தாமல், இரண்டு அடி போகவிட்டு, "வரும்போது இந்தத் தரை ஈரமாகவா இருந்தது?" என்று கேட்பது போதும்.

எத்தனை பேர் சேர்ந்து போவது என்பதிலும் காரணத்தோடு பேசலாம். நான்கு பேர் என்றால், ஒருவருக்கு அடிபட்டாலும் ஒருவர் அவரோடு இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவிக்கு வெளியே போக முடியும். வெளியே ஒருவரிடம் எந்தக் குகை, எந்த வாசல், எத்தனை பேர், எத்தனை மணி தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். "குகைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது, சொல்லாமல் வருவதற்குச் சமம்.

அனுபவம் ஆபத்தைத் தடுத்துவிடுமா என்று கேட்டால், இல்லை. 2014-இல் ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையில் தலையில் கல் விழுந்து அடிபட்டவர் அந்தக் குகையை நன்றாக அறிந்த ஆய்வாளர். சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து அவரை எடுக்க நூற்றுக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் உழைத்தார்கள். 2021-இல் வேல்ஸில் உள்ள ஓகோஃப் ஃபினான் தூ குகையில் விழுந்தவரும் புதியவரல்ல. 54 மணி நேரம் கழித்து வெளியே வந்தார். 2023-இல் துருக்கியின் மோர்ஜா குகையின் ஆழத்தில் வயிற்றில் ரத்தக்கசிவோடு படுத்துவிட்ட மார்க் டிக்கி, தானே மீட்புப் பணியில் அனுபவம் உள்ளவர். மூவரும் பிழைத்தார்கள். யாரிடம் சொல்வது, அடிபட்டவரை எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது என்பது உடன் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியே தேடி வர ஆளும் இருந்தது. மீட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத குகைப் பிரியர்களே. இதைப் புதியவரிடம் பயமுறுத்தலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லலாம்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. தலைவரிடம் கெட்ட பழக்கம் இருந்தால் அதுவும் அப்படியே தொற்றிக்கொள்ளும். அவர் ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைக் கழற்றிவிட்டு நடந்தால் புதியவரும் கழற்றுவார். ஆசை கூடி, எட்டு, பத்துப் பேராகக் கூட்டிப்போனால் கடைசி ஆள் செய்வது தலைவர் கண்ணில் படாது. இன்னொரு குறை நெருடலானது. புதியவர்களை எப்போதும் ஒரே எளிய குகைக்குத்தான் கூட்டிப்போவோம். அந்தக் குகை தேயும். அதைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதை இழக்கத் தயார் என்று ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். வௌவால் உறங்காத, ஏற்கெனவே அடிபட்ட, ஓடை நீர் மண்ணைக் கழுவிவிடும் குகையாகப் பார்த்து எடுப்பதுதான் நம்மால் செய்யக்கூடியது. அங்கே உடைந்து கிடக்கும் கல்விழுதுகளும் பாடத்துக்கு உதவும். உடைந்த முகம் நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு சென்டிமீட்டர்கூட வளராமல் நிற்பதைக் காட்டினால், புதியவர் அடுத்த தடவை தலையைக் கொஞ்சம் கூடுதலாகக் குனிவார்.

எதற்கு எவ்வளவு

என்னைக் கேட்டால் குழுவின் நேரத்தில் பாதிக்குமேல் கூட்டிப்போவதற்குத் தருவேன். மிச்சத்தில் முதலில் நாடா, அடுத்து ஒரே ஒரு வாசல் பலகை. பலகையில் மூன்று வரிகள்: இந்தக் குகையில் ஆளைக் கொல்லக்கூடியது எது, இங்கே எதைத் தொடக் கூடாது, கூட வர யாரை அழைக்கலாம். வெள்ளம் வரும் குகையென்றால் மாதப் பெயர் வேண்டாம். மேலே மழை பெய்தாலோ பெய்யும் போலிருந்தாலோ நுழையாதே என்று எழுத வேண்டும். வீடியோவுக்கு ஆண்டுக்கு ஓரிரு நாள் போதும்: கழுவுவது ஒன்று, பை கட்டுவது ஒன்று, "தனியாகப் போகாதே, எங்களோடு வா" என்பது ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம். வீடியோ பார்த்தவரை முதல் பயணத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் வேலை.

குகை ஏற்கெனவே ஊருக்கே தெரிந்ததென்றால் இந்த வரிசை மாறும். கூட்டிப்போய்க் கட்டுப்படியாகாது, அங்கே பலகையும் நாடாவும் அனுமதிச் சீட்டும் முன்னால் வர வேண்டும். வாரத்தில் கூட்டம் அதிகமாக வரும் நாளில் குழுவில் இருவர் வாசலில் போய் நின்றாலே பாதி வேலை ஆகிவிடும். உள்ளே போகிறவர்களிடம் எத்தனை விளக்கு இருக்கிறது என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு இரவல் கொடுத்து அனுப்பலாம். யாருக்கும் தெரியாத குகையென்றால் நேர்மாறு: பலகை வேண்டாம், படம் வேண்டாம், பல தடவை உடன் வந்து பழகியவர்களை மட்டும் கூட்டிப்போகலாம்.

குழுவில் இரண்டே பேர் என்றால் புதியவர்களை உள்ளே கூட்டிப்போக முயல வேண்டாம். ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் ஒரே நேரத்தில் அடிபட்டவரோடும் இருந்து, புதியவர்களையும் வெளியே கொண்டுவர முடியாது. பக்கத்தில் உள்ள பெரிய குழுவோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு பயணம் போவது மேல். மற்ற நாட்களில் நாடாவைச் சரிபார்க்கலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வீடியோவின் பார்வை எண்ணிக்கையை எடுக்காதீர்கள். இரண்டு கணக்கு போதும். முதல் பயணம் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பயணத்துக்குத் தங்கள் சொந்த விளக்கு மூன்றோடும், கழுவிக் காயவைத்த உடையோடும் வந்தார்கள் என்பது ஒன்று. நாடாவுக்கு அப்பால் புதிதாக எத்தனை மிதியடித் தடம் விழுந்திருக்கிறது என்பது மற்றொன்று. ஒரே கோணத்தில் ஆண்டுக்கொரு படம் எடுத்து வைத்தால் அது தெரிந்துவிடும்.